மாற்று ஆசிரியரின் காலிப் பாடவேளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு ஆண்டுகளில் ஐந்து பள்ளிகளில், விடுப்பில் சென்ற ஆசிரியர்களுக்கு மாற்றாகத் தமிழ்ப் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்பணிக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் சம்பளத்தைப் பற்றியும் பாடத்தைப் பற்றியும் ஒரு முறை கேட்பார்கள், "பொழுதே போகவில்லை, என்ன செய்வது?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அவர்களுடைய கேள்விகளைக் கூடுமானவரை அவர்கள் சொன்னபடியே எழுதி, என் பதில்களுடன் தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனத்தில் கொண்டே இவை எழுதப்பட்டுள்ளன.

மாற்று ஆசிரியர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? நானும் அதில் சேர்த்தியா?

மூன்று வகையினரைச் சொல்கிறேன். நீண்ட விடுப்பில் செல்லும் ஒருவரின் இடத்தில் அவர் திரும்பும்வரை பணிபுரிபவர் முதல் வகை. அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்த பிறகு, ஏறத்தாழ ஒரு முழுக் கல்வியாண்டையே மாற்று ஆசிரியர் நடத்த வேண்டிய நிலை பல பள்ளிகளில் வருகிறது. காலியாக உள்ள பணியிடத்தில் தற்காலிகமாக அமர்த்தப்படுபவர் இரண்டாம் வகை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்ற தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டவர்கள் இவ்வகையினர்.

மூன்றாம் வகையில் எல்லா ஆசிரியர்களும் வருவார்கள். காலையில் யாரேனும் விடுப்பு சொல்லிவிட்டால், சற்று நேரத்தில் சப்ஸ்டிடியூஷன் நோட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வரும்; எந்தப் பாடவேளைக்கு எந்த வகுப்புக்கு யார் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்; நம் பெயருக்கு எதிரே கையெழுத்திட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் இரண்டு வகையினரின் பெயர்தான் அந்த நோட்டில் அதிகம் இடம்பெறும்.

ஆசிரியர் வேலையில் மூச்சு விட நேரமில்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் பொழுது நகர மறுக்கிறது?

நிரந்தர ஆசிரியரின் காலிப் பாடவேளை உண்மையில் காலியாக இருப்பதில்லை. அவர் ஒரு வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருப்பார். வருகைப் பதிவு, உதவித்தொகைப் படிவம், இரண்டு நாள் வராத மாணவனின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, வாசலில் காத்திருக்கும் ஒரு தாய் என்று அந்த நேரம் கரைந்துவிடும். மாற்று ஆசிரியருக்குப் பெரும்பாலும் வகுப்புப் பொறுப்பு தருவதில்லை. அதனால் பாடம் முடிந்ததும் அவரைத் தேடி வருவதற்கு யாரும் இல்லை.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நடுவில் வந்து நடுவில் போகிறவருக்கு, இன்று செய்கிற வேலைக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை என்று தோன்றிவிடுகிறது. கை நிறைய வேலை இருந்தும் சலிப்பாக இருக்கிறது என்று சொன்ன பலரிடம் நான் கண்டது இதைத்தான். ஆகவே, நேரத்தை எதனால் நிரப்புவது என்று யோசிப்பதற்கு முன், நாளையும் தொடரக்கூடிய ஒரு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

எனக்கு ஒரு நாளில் மூன்று பீரியட் காலி. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் தவறா? யாராவது பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

தவறில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரப் பணி என்று வரையறுக்கும்போது, பாடத் தயாரிப்புக்கான நேரத்தையும் சேர்த்தே சொல்கிறது. காலிப் பாடவேளை உங்களுக்கு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததன்று; அது பணியின் ஒரு பகுதி. தொடர்ந்து இரண்டு வகுப்புகளில் நின்று பேசிய பிறகு பத்து நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டுச் சாய்ந்து உட்காருவதும் அடுத்த வகுப்புக்கான தயாரிப்புதான். தொண்டையைப் பேணாத ஆசிரியர்கள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே குரல் கம்மிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பாடக்குறிப்பு எழுதிவிட்டேன், திருத்த நோட்டும் இல்லை. இனி என்னதான் செய்வது?

முதல் வாரத்தில் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று பிரிவுகளுக்குப் போனால் நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கும். ஒரு தாளில் வகுப்பறையை வரைந்து, வரிசைவாரியாகப் பெயர்களை எழுதி, காலிப் பாடவேளையில் அதை மூடிவைத்துவிட்டு முகங்களை நினைவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். "அந்த நீலப் பை வைத்திருக்கிற தம்பி" என்று அழைக்கப்பட்ட சிறுவன், மறுநாள் தன் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவான். மாற்று ஆசிரியரிடம் வகுப்பு அடங்காததற்குப் பாதிக் காரணம், தங்கள் பெயர்கூட இவருக்குத் தெரியாது என்று பிள்ளைகள் அறிந்திருப்பதுதான்.

அடுத்து, நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் நூலகம் என்பது ஆய்வகத்தின் மூலையில் இருந்த ஓர் இரும்பு பீரோ. மூன்று நாள் கேட்டுச் சாவியை வாங்கித் திறந்தபோது, பள்ளி முத்திரை குத்தப்பட்ட கதைப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்கப்படாமலேயே இருந்தன. மேல் கட்டின் சணல் கயிறு அட்டையில் தடம் பதியும் அளவுக்கு இறுகியிருந்தது. ஒரு மாதத்தின் காலிப் பாடவேளைகள் அவற்றைப் பிரித்து, வரிசை எண் இட்டு, வகுப்புக்கு ஏற்றபடி அடுக்குவதிலேயே போயின. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் வேலை இன்னும் எளிது. நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனுக்கேற்ப அவை ஏற்கெனவே நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கையில் கொடுப்பதுதான் நம் வேலை.

மூன்றாவதாக, அனுபவமுள்ள ஓர் ஆசிரியரிடம் அனுமதி பெற்று, அவர் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்கள். குறை காண்பதற்காக வரவில்லை, கற்றுக்கொள்ளவே வருகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

அந்த நேரத்தில் செல்போன் பார்த்தால் என்ன? எல்லோரும் பார்க்கத்தானே செய்கிறார்கள்?

ஸ்டாஃப் ரூமில் வீட்டுக்குப் பேசுவதையோ செய்தி பார்ப்பதையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சலிப்புக்கு மருந்தாக அதை எடுத்தால், மணி அடிக்கும்போது முன்னைவிட அதிகச் சோர்வோடுதான் எழுவீர்கள். வகுப்பறைக்குள் எடுக்கவே வேண்டாம். பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வார்கள் என்பது ஒரு காரணம். நம்மைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

என் பாடமே இல்லாத வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நாற்பது நிமிடத்தை எப்படிக் கழிப்பது?

கழிப்பது என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். அமைதியாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், ஐந்து நிமிடம் அமைதி இருக்கும். மீதி முப்பத்தைந்து நிமிடமும் மேசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். சப்ஸ்டிடியூஷன் வகுப்புக்குப் போகும்போது கையில் ஒரே ஒரு செயல்பாடாவது தயாராக இருக்க வேண்டும். நான் பலமுறை செய்து பார்த்த இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, சொல் தொடர் விளையாட்டு. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஒரு சொல்லைத் தொடங்க வேண்டும். 'மரம்' என்றால் அடுத்தவர் 'மலை' என்பார். 'பால்' என்று யாராவது சொன்னதும் 'லட்டு', 'லாரி' என்று குரல்கள் எழும். 'மீன்' வந்ததும் வகுப்பு முழுவதும் திகைத்து நின்றுவிடும். 'தேள்' வந்தாலும் அப்படித்தான். அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்தி, ஏன் நின்றுவிட்டோம் என்று கேளுங்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற இலக்கணத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். அப்படியானால் லட்டும் லாரியும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி தானாகவே வரும். உலோகத்துக்கு முன்னால் உகரம் ஏன் சேர்ந்தது என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள். மொழிமுதல் எழுத்துகளைப் பாடமாக நடத்தியபோது அந்த ஆர்வத்தை நான் கண்டதில்லை.

மற்றொன்று கணக்கு ஆசிரியர் வராத நாளுக்கானது. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று பழைய முகத்தலளவையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு கலத்துக்கு எத்தனை நாழி என்று கேளுங்கள். 96 என்ற விடைக்கு வருவதற்குள் நான்கு விதமான தவறான விடைகள் வரும். எங்கே தவறியது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குறுணிக்கு மரக்கால் என்றும் பெயர் உண்டு என்று சொன்னபோது ஒரு சிறுவன் எழுந்து, "எங்க ஆத்தா வீட்ல மரக்கா இருக்கு டீச்சர், அதுல சில்லறை போட்டு வச்சிருக்காங்க" என்றான். மறுநாள் அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்து, நான் அந்த வகுப்புக்கு வரமாட்டேன் என்று தெரிந்ததும், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று காட்டிவிட்டுப் போனான். பித்தளைப் பூண் போட்ட மரத்தின் உட்புறம் நாணயம் உரசி வழவழப்பாகியிருந்தது.

தமிழ்ப் பாடப்புத்தகம் எந்த வகுப்பிலும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் 'கற்பவை கற்றபின்' என்ற தலைப்பில் வரும் செயல்பாடுகள் பெரும்பாலும் நேரமின்மையால் விடுபட்டுப் போகின்றன. சப்ஸ்டிடியூஷன் பாடவேளைக்கு அவற்றைவிடப் பொருத்தமானது வேறில்லை.

உள்ளே நுழைந்ததுமே "கிரவுண்டுக்கு விடுங்க டீச்சர்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் விடக் கூடாது. மைதானத்தில் அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது. முப்பது நிமிடம் நான் கேட்பதைச் செய்யுங்கள், கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் கேட்கும் விளையாட்டை வகுப்புக்குள்ளேயே ஆடுவோம் என்று பேசிக்கொள்ளுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உங்கள் பாடம் முடியவில்லை என்பதற்காகப் பிள்ளைகளின் உடற்கல்விப் பாடவேளையை ஒருபோதும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அது அவர்களுடைய நேரம்.

ஒரே பாடத்தை மூன்று பிரிவுக்கும் எடுக்கிறேன். மூன்றாவது தடவை எனக்கே அலுப்புத் தட்டுகிறது. பிள்ளைகளுக்குத் தெரியாதா?

தெரியும். அலுப்பு குரலில் முதலில் ஏறிவிடும். நான் இதற்குக் கண்ட வழி, ஒவ்வொரு பிரிவிலும் பாடத்தை வெவ்வேறு இடத்தில் தொடங்குவது. ஒரு குறளை அ பிரிவில் பொருளிலிருந்தும், ஆ பிரிவில் ஒரு சொல்லிலிருந்தும், இ பிரிவில் அங்குள்ள ஒரு மாணவர் கேட்கும் கேள்வியிலிருந்தும் தொடங்கினால், மூன்றும் மூன்று பாடங்களாகிவிடும். எந்தப் பிரிவில் எந்த எடுத்துக்காட்டு எடுபட்டது, எது விழுந்தது என்று வகுப்பு முடிந்தவுடன் இரண்டு வரி எழுதிவைத்தால், காலிப் பாடவேளைக்கும் வேலை கிடைக்கும்.

காலாண்டுத் தேர்வில் ஹால் சூப்பர்வைஸராகப் போடுகிறார்கள். புத்தகமும் கூடாது, பேச்சும் கூடாது. மணிக்கணக்கில் எப்படி நிற்பது?

இந்த ஓர் இடத்தில் சலிப்பைப் போக்கிக்கொள்ள வேறு வேலையை நாடக் கூடாது. கவனமாக இருப்பதுதான் அங்கே வேலை. ஆனால் கவனிப்பதற்கு நிறைய இருக்கிறது. எந்தக் கேள்வியில் பேனாக்கள் நிற்கின்றன, யார் வினாத்தாளை மூன்றாம் முறை புரட்டுகிறார், யார் அரை மணியில் எழுதி முடித்துவிட்டு மேசையில் தலை சாய்க்கிறார் என்று பாருங்கள். ஒரே வினாவில் பாதி வகுப்பும் நின்றால், வினாவின் சொல்லமைப்பில் கோளாறு இருக்கலாம், அல்லது நாம் அதைச் சரியாக நடத்தியிருக்க மாட்டோம். மெல்ல நடந்துகொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் காலும் மனமும் சேர்ந்து மரத்துப்போகும்.

காலியாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் தங்கள் வேலையை என் தலையில் கட்டுகிறார்கள். சலிப்பே தேவலை போலிருக்கிறது. மறுத்தால் பெயர் கெடுமோ?

எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு, பஸ் பாஸ் படிவம், மதிப்பெண் பட்டியல் என்று வரத் தொடங்கினால் நிற்காது என்பது உண்மை. எல்லாவற்றையும் மறுப்பதும் எல்லாவற்றையும் ஏற்பதும் இரண்டுமே உங்களைப் பாதிக்கும். ஏதேனும் ஒரு பொறுப்பை நீங்களே முன்வந்து கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நூலக வேலை இதற்கு மிகவும் ஏற்றது. அதன் பிறகு, "சார், இந்த வாரம் நூலகப் பதிவை முடித்துத் தருவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்" என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும். மூத்தவர் ஒருவர் உண்மையிலேயே திணறும் நாளில் உதவி செய்வது வேறு. அதைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

காலி நேரத்தில் டெட் தேர்வுக்குப் படித்தால் சுயநலம் என்று நினைப்பார்களா?

நினைத்தாலும் படியுங்கள். டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்துபவர்களுக்கான தாள் இரண்டின் 150 வினாக்களில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, உங்கள் பாடப்பிரிவு 60 என்று வருகின்றன. இவற்றுள் பெரும்பகுதிக்கு அடிப்படை, நீங்கள் நடத்திக்கொண்டிருக்கும் பாடப்புத்தகங்களே. தகுதிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டுவிட்டதால், ஒருமுறை தேறினால் போதும். ஆறாம் வகுப்புக்குப் பாடம் தயாரிக்கும்போதே வினாக்களையும் குறித்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேலையாகிவிடும். வகுப்பறைக்குள் மட்டும் வேண்டாம். செல்போனைப் பற்றிச் சொன்ன காரணம் இதற்கும் பொருந்தும்.

பள்ளி முடிந்து அதே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் நேரமும் போகும், வருமானமும் வருமே?

கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. ஊதியம் குறைவாக இருப்பது நியாயமான வருத்தம். அதற்காக ஒரு பிள்ளை பணம் கொடுத்தால்தான் டீச்சர் நன்றாகச் சொல்லித் தருவார் என்ற எண்ணம் வகுப்பில் பரவ இடம் தரலாகாது.

ஞாயிற்றுக்கிழமை மாலையே மனம் கனத்துவிடுகிறது. பிடித்த பாடத்தை நடத்தும்போதும் ஒன்றும் தோன்றுவதில்லை. இதுவும் சலிப்புதானா?

இதைச் சலிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சலிப்பு ஒரு நல்ல வகுப்புக்குப் பிறகு கொஞ்சமாவது விலகும். பல வாரங்களாக எதுவும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அது உடல் காய்ச்சலைப் போலவே கவனிக்க வேண்டியது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மருத்துவரையும் பாருங்கள். பணி நிச்சயமின்மை மனத்தை அரிப்பது உங்கள் பலவீனம் அன்று. அதே நிலையில் இருந்த பலரை நான் அறிவேன்.

எப்படியும் அவர் திரும்பி வந்ததும் நான் போய்விடுவேன். நான் செய்தது எதுவும் நிற்காதே, எதற்காக இவ்வளவு?

இரண்டாம் கேள்வியில் சொன்ன நேற்றும் நாளையும் இல்லாத நிலைக்கு நான் கண்ட மருந்து, எண்பது பக்க நோட்டு ஒன்று. முதல் நாளிலிருந்தே, திரும்பி வரப்போகும் ஆசிரியருக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு அதை எழுதுங்கள். பாடம் எதுவரை முடிந்தது, எதை அவசரமாக முடிக்க நேர்ந்தது, எந்தப் பிரிவுக்கு எழுத்துப் பயிற்சி இன்னும் வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாதவையும் இருக்கட்டும். "ஆ பிரிவில் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்காரும் மாணவி கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள், முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறேன், கண் பரிசோதனைக்குத் தந்தையிடம் சொன்னேன், இன்னும் அழைத்துப் போகவில்லை" என்பது நான் எழுதிய ஒரு குறிப்பு. பிள்ளைகளைப் பற்றிய புகாரும், சக ஆசிரியர்களைப் பற்றிய கருத்தும் அதில் ஒரு வரிகூட வேண்டாம்.

இந்த நோட்டு இருந்தால் காலிப் பாடவேளையில் என்ன செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. நேற்று எழுதியதைப் படித்தாலே இன்று பார்க்க வேண்டிய பிள்ளை யார் என்று தெரிந்துவிடும்.

திரும்பி வந்தவர் அந்த நோட்டைப் பிரித்தே பார்க்கவில்லை என்றால்?

எனக்கு ஐந்தில் இரண்டு பள்ளிகளில் அப்படி நடந்தது, வருத்தமாகத்தான் இருந்தது. அதன் பிறகு இரண்டு மாற்றங்களைச் செய்தேன். மேசை அறைக்குள் வைத்துவிட்டு வராமல், அவர் பணியில் சேரும் நாளில் நேரில் கொடுத்து, அவசரமான மூன்று குறிப்புகளை மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருகிறேன். அன்றைக்குப் போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது சொல்கிறேன். முக்கியமான பக்கங்களை நகல் எடுத்துத் தலைமையாசிரியரிடமும் தருகிறேன். கண்ணைச் சுருக்கிய மாணவியைப் பற்றிய பக்கத்தை அப்படித்தான் கொடுத்தேன்; பத்து நாள் கழித்து அந்த ஆசிரியை அழைத்து, அவளுடைய தந்தையின் எண் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்.